தீர்ப்புச் சொல்லாமல் இருக்கப் பழகுதல்

சமரசம் என்னும் சொல் தமிழரின் அன்றாடப் பேச்சில் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துப் பணிந்துபோவதையே பெரும்பாலும் குறிக்கிறது. கொள்கையில் சமரசம் செய்துகொண்டார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது வசையாகவே கொள்ளப்படும். நீதிமன்ற வளாகங்களில் சமரச மையம் என்ற பலகையின் கீழ் நடைபெறுவது இதனின் வேறானது. வழக்கில் எதிரெதிராக நிற்கும் இரு தரப்பினரும், இருவருக்கும் வேண்டியவராகவோ வேண்டாதவராகவோ இல்லாத, பயிற்சி பெற்ற மூன்றாம் மனிதர் ஒருவரின் முன் அமர்ந்து, தங்கள் பிணக்குக்கான முடிவைத் தாங்களே பேசி எட்டும் முறை அது. அம்மூன்றாம் மனிதர் சமரசர் எனப்படுகிறார். அவர் சாட்சிகளை விசாரிக்க முடியாது, ஆணை பிறப்பிக்க முடியாது, இன்னார் பக்கமே நியாயம் என்று சொல்லவும் கூடாது. இரு தரப்பின் வாதங்களையும் கேட்டுக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கும் நடுவர் மன்றத்திலிருந்தும், பெரும்பாலும் தொகையைப் பேசி ஒரே நாளில் வழக்கை முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்திலிருந்தும் சமரசத்தைப் பிரித்துக் காட்டுவது சமரசரின் இந்த அதிகாரமின்மையே.

குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்ப்பதில் நீண்ட பழக்கமுள்ள சமூகம் இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். ஊர்ப் பெரியவரும் தாய்மாமனும் பேசித் தீர்த்தது உண்மையே. ஆனால் அவர்கள் செய்தது தீர்ப்புச் சொல்வது. இருவரையும் நிற்கவைத்துக் கேட்டு, ஒருவரைக் கடிந்து, மற்றவரை அடக்கி, இனி இப்படி நடந்துகொள் என்று முடித்துவைத்தார்கள். அம்முடிவு நிலைத்ததற்கு அதன் நேர்மை ஒரு காரணமென்றால், மீறினால் ஊரிலும் உறவிலும் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். சாதியும் ஆண் என்ற மிடுக்கும் அந்தத் திண்ணையில் முதல் இடத்தில் அமர்ந்திருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. எனவே தமிழ்ச் சூழலில் சமரசக் கலையைக் கற்பதில் பாதிக்கு மேற்பட்ட பாடம், தீர்ப்புச் சொல்லத் துடிக்கும் நாவை அடக்கப் பழகுவதுதான்.

இம்முறை இந்திய நீதிமன்றங்களுக்குள் வந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 89-ஆம் பிரிவு, தீர்வுக்கு இடமுள்ள வழக்குகளை நடுவர் தீர்ப்பு, இணக்கம், மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிமன்றவழித் தீர்வு, சமரசம் ஆகிய வழிகளுக்கு அனுப்ப நீதிமன்றங்களுக்கு வகை செய்தது. அத்திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கே, விந்தையாக, சமரசத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. திருத்தங்கள் செல்லும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், அவற்றைச் செயல்படுத்தும் முறையை ஆராய நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் தலைமையில் குழு அமைக்க, அக்குழு வகுத்த மாதிரி விதிகளே பின்னர் உயர் நீதிமன்றங்களின் விதிகளுக்கு அடிப்படையாயின. 2005 ஏப்ரலில், மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முதலியோரின் முயற்சியால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாகத் திறக்கப்பட்டது. 89-ஆம் பிரிவை எழுதியவர்கள் சமரசத்துக்குரிய விளக்கத்தை நீதிமன்றவழித் தீர்வுக்கும், அதற்குரியதைச் சமரசத்துக்கும் இடம் மாற்றி எழுதிவிட்டனர் என்பதை 2010-இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, அவற்றை மாற்றிப் படிக்குமாறு சொல்ல நேர்ந்தது. சட்டம் இயற்றியவர்களுக்கே இக்குழப்பம் இருந்ததென்றால் வழக்காடிகளைக் குறை சொல்ல முடியாது. மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தையின் பொறுப்பு, பாகப்பிரிவினை போன்ற, தீர்ப்புக்குப் பின்னும் முகத்தோடு முகம் பார்த்து வாழ வேண்டியவர்களின் வழக்குகள் இவ்வழிக்கு ஏற்றவை என்பதையும் அத்தீர்ப்பே விரித்துரைத்தது.

உச்ச நீதிமன்றத்தின் சமரச மற்றும் இணக்கத் திட்டக் குழு வகுத்த நெறியின்படி, சமரசராக விரும்புவோர் 40 மணி நேரப் பயிற்சி பெற்று, உண்மையான வழக்குகள் பத்தையேனும் கையாள வேண்டும். பயிற்சிக்கு வருவோரில் வழக்கறிஞர்கள் மிகுதி. கற்றதை மறப்பதில் மிகுந்த இடர்ப்பாடு உடையவர்களும் அவர்களே. குறுக்கு விசாரணையில், ஆம் அல்லது இல்லை என்ற விடையை மட்டுமே அனுமதிக்கும் வகையில், விடையை உள்ளே பொதிந்து வைத்துக் கேள்வி கேட்பது திறமை. சமரச அறையில் அதுவே பெருங்குறை. அன்று இரவு நீங்கள் வீட்டுக்கு வரவில்லை அல்லவா என்று கேட்பவர் விசாரிக்கிறார்; அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பவர் பேசவைக்கிறார். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். பழக்கத்தில் கொண்டுவர 40 மணி நேரமும் போதாது என்பதால்தான் பயிற்சியின் பெரும்பகுதி வேடமேற்று நடிப்பதாகவே அமைகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கணவர்களுக்காக வாதாடிவந்தவர், பிரிந்து வாழும் மனைவியின் இடத்தில் அமர்ந்து அரை மணி நேரம் பேசும்போது, தாம் எழுதிய எதிர்மனுக்களின் வாசகங்கள் எதிர்ப்பக்கத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்பதை உணர வாய்ப்புண்டு.

பயிற்சியின் மையக் கருத்து, கோரிக்கையையும் தேவையையும் பிரித்தறிவது. கோரிக்கை என்பது ஒருவர் வாய்விட்டுக் கேட்பது. தேவை என்பது அதைக் கேட்கவைத்த காரணம். எடுத்துக்காட்டாக, தந்தை விட்டுச்சென்ற ஒரே வீட்டின் மீது இரு சகோதரர்கள் வழக்காடுவதாகக் கொள்ளலாம். மூத்தவரும் வீடு வேண்டும் என்கிறார், இளையவரும் வீடு வேண்டும் என்கிறார். நீதிமன்றத்தின் பார்வையில் இருவரின் கோரிக்கையும் ஒன்றே. முதல்நிலைத் தீர்ப்பாணையில் ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று முடிவு செய்து, ஆணையரை அனுப்பி அளந்து, பிரிக்க இயலாதெனில் விற்றுப் பணத்தைப் பகிர்ந்து, இறுதித் தீர்ப்பாணை பிறப்பிப்பதற்குள் ஆண்டுகள் உருண்டுவிடும். ஏன் அந்த வீடு என்ற கேள்வியைச் சமரசர் கேட்கும்போது, பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதற்கான மதிப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்பது மூத்தவரின் குறை என்றும், மகளின் கல்விச் செலவுக்குக் குறித்த மாதத்தில் பணம் வேண்டியிருப்பது இளையவரின் நெருக்கடி என்றும் வெளிப்படக்கூடும். இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. வீட்டை மூத்தவர் வைத்துக்கொண்டு, இளையவருக்குத் தவணையில் தொகை தந்து, தம் உழைப்பை இளையவர் ஒப்புக்கொள்ளும் ஒரு வரியை உடன்படிக்கையில் பெறுவது எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாத தீர்வு.

தேவையை வெளிக்கொணரும் கருவி செவி. ஒருவர் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லுதல், அவருடைய கோபத்தையோ துயரத்தையோ சரி தவறு பாராது ஒப்புக்கொள்ளுதல், சுடுசொல்லின் உள்ளே இருக்கும் கவலையை மட்டும் எடுத்து வேறு சொல்லில் வைத்தல் ஆகியவை பயிற்சியில் தனித்தனியாகக் கற்பிக்கப்படுகின்றன. மாசம் ஒருநாள்கூட என் பிள்ளையைக் கண்ணால் பார்க்க விடுவதில்லை என்ற குற்றச்சாட்டை, குழந்தையோடு ஒழுங்காக நேரம் செலவிடுவது உங்களுக்கு முக்கியம் என்று மாற்றி வைக்கும்போது, எதிரில் இருப்பவர் மறுப்புக் கூற வேண்டிய அவசியம் குறைந்து, பேச வேண்டிய பொருள் மட்டும் மேசையில் மிஞ்சுகிறது. தமிழில் பணிபுரியும் சமரசருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. பிற நாட்டுப் பயிற்சி ஏடுகள் பேசாத அது, விளிச்சொல். கணவரை வாங்க சார் என்றும் மனைவியை ஏம்மா என்றும் அழைத்துவிட்டால், நடுநிலை பற்றிய தொடக்க உரை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. பையனின் தந்தைக்கு மட்டும் ஐயா என்ற மரியாதை கிடைத்ததைப் பெண்ணின் தாய் கவனிக்காமல் இருக்கமாட்டார்.

தொடக்க உரை, இரு தரப்பும் சேர்ந்து அமரும் கூட்டு அமர்வு, ஒவ்வொரு தரப்போடும் தனியே பேசும் தனி அமர்வு, முடிவுரை என நகரும் இந்த நடைமுறையில் நுட்பம் மிகுந்தது தனி அமர்வு. அங்கே சொல்லப்படுவதைச் சொன்னவரின் ஒப்புதலின்றி மறுதரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது விதி. அந்த உறுதியின் பேரிலேயே, வீம்புக்காகக் கேட்ட தொகை எது, உண்மையில் ஏற்கக்கூடிய தொகை எது என்பது வெளியே வரும். சமாதானம் ஏற்படாவிட்டால் அடுத்து என்ன நடக்கும், இன்னும் எத்தனை வாய்தா, எவ்வளவு செலவு, தோற்றால் நிலை என்ன என்பனவற்றை அவரே கணக்கிட்டுப் பார்க்கும்படி கேள்விகளால் நடத்திச் செல்லும் உத்தியும் தனி அமர்வுக்கே உரியது, ஏனெனில் எதிராளியின் முன் எவரும் தம் வழக்கின் பலவீனத்தை ஒப்புக்கொள்வதில்லை. நல்ல யோசனையாகவே இருந்தாலும் எதிராளி சொன்னார் என்பதாலேயே அதை மட்டமாக எண்ணும் மனப்போக்கையும் சமரசர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அண்ணி சொன்னால் கசக்கும் யோசனை, பொதுவில் எழுந்த பல யோசனைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டால் இனிக்கும் என்பது கூட்டுக்குடும்பம் அறிந்த எவருக்கும் விளங்கக்கூடியதே.

இக்கலையின் ஆபத்தான இடம், இரு தரப்பும் சம பலத்தில் இல்லாதபோது தோன்றுகிறது. பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கு உள்ள உரிமையை வாரிசுரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-இலும், நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இலும் நிலைநாட்டி, 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை மேலும் உறுதிசெய்த பின்னும், சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஓயவில்லை. சீர்செய்தோம், நாளை உனக்கு ஒன்றென்றால் நாங்கள்தானே வந்து நிற்க வேண்டும் என்ற பேச்சில் கனிவும் மிரட்டலும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். அவர் மனமுவந்து விட்டுக்கொடுப்பதைத் தடுக்கச் சமரசருக்கு உரிமையில்லை; ஆயினும் எதை விட்டுக்கொடுக்கிறார், அதன் மதிப்பு என்ன என்பதை அவர் அறிந்திருக்கிறாரா, சட்ட ஆலோசனை பெற்றாரா என்பதைத் தனி அமர்வில் உறுதிசெய்யாத சமரசர் நடுநிலையாளர் என்ற பெயருக்குத் தகுதியற்றவர். அடி உதை நடந்த வீட்டிலிருந்து வரும் பெண்ணை அடித்தவரின் எதிரே அமரவைத்துப் பேசவைப்பது அதனினும் பெரிய தவறு. கொடுமைக் குற்றச்சாட்டுள்ள மணவழக்குகளிலும் தகுந்தவற்றைச் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று 2013-இல் கே. சீனிவாச ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை, எல்லாவற்றையும் அனுப்பலாம் என்று படித்தல் ஆகாது. பாலியல் வன்கொடுமை வழக்கொன்றைச் சமரசத்துக்கு அனுப்பிச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் பிறப்பித்த ஆணை கடும் கண்டனத்துக்கு உள்ளானதும், அத்தகைய குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியபின் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டதும் சமரசப் பயிற்சியில் கட்டாயம் சொல்லப்பட வேண்டிய வரலாறு.

2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இத்துறைக்கு முதன்முறையாகத் தனிச் சட்டத்தைத் தந்தது. அதன் சில பிரிவுகள் அவ்வாண்டு அக்டோபர் 9 முதல் நடைமுறைக்கு வந்தன. 120 நாட்களுக்குள் சமரசத்தை முடிக்க வேண்டும், இரு தரப்பும் இசைந்தால் மேலும் 60 நாட்கள் நீட்டிக்கலாம், எட்டப்பட்ட உடன்படிக்கையை நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம், மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம் போன்ற காரணங்களுக்காக மட்டுமே அதனை எதிர்க்கலாம் என்பன அச்சட்டத்தின் ஏற்பாடுகள். ஊரிலோ வட்டாரத்திலோ அமைதியைக் குலைக்கும் பிணக்குகளுக்கு மூவர் கொண்ட குழு வழியே சமுதாயச் சமரசம் காண்பதற்கும் அதில் இடமுண்டு. இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளிலும் மூவரே அமர்கின்றனர். இந்தியாவில் நீதிமன்றம் அனுப்பிய வழக்கு சமரசத்தில் முடிந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்தின் தலையீடின்றித் தாங்களே வெளியில் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது பொருந்தும் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் முடிவை 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

கடைசியில் கற்பதும், அவசரத்தில் கெட்டுப்போவதும், உடன்படிக்கையை எழுதும் திறனே. தந்தை விடுமுறைகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதப்பட்ட வரி அடுத்த தீபாவளிக்கே புதிய வழக்காகும். எந்த விடுமுறை, காலை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் ஒப்படைப்பது, பொங்கல் யார் வீட்டில், பள்ளிக் கட்டணம் எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில் என்று எழுதுவதே முறை. வழக்கில் சேராத நிலத்தையும் சேர்த்துப் பேசி முடித்திருந்தால், அச்சமரசத்தின் மேல் பிறக்கும் தீர்ப்பாணை பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை மறந்தவர்கள் பிறகு வில்லங்கச் சான்றிதழ் எடுக்கும்போது அல்லற்படுகின்றனர்.

பேச்சு முறிந்துபோவதும் உண்டு. அப்போது யார் பிடிவாதம் பிடித்தார், யார் இறங்கி வந்தார், யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார் என்றெல்லாம் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுதக் கூடாது. சமரசம் நிறைவேறவில்லை என்று மட்டுமே தெரிவிக்க வேண்டும் என்று 2010-இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மாதக்கணக்கில் இரு தரப்பின் உள்ளக்கிடக்கையையும் கேட்டு, தம் மனத்துக்குள் ஒரு தீர்ப்பையும் எழுதிவிட்ட சமரசர், அந்த ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்திட்டு, வழக்குக் கட்டை வந்த நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பிவைக்கிறார்.