குதிக்கும் முன் ஒரு கணக்கு!



நம்ம திருப்பூரில் கியர் சைக்கிளுக்கு எப்போதும் ஒரு மவுசு உண்டு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர் இதையெல்லாம் பார்த்ததும் அடுத்த ஆசை வந்துவிடும். படிக்கட்டில் இறக்கலாமா? மேடையிலிருந்து குதிக்கலாமா? "மலையிலேயே ஓடுற வண்டிடா, இந்தத் திண்ணை என்ன பண்ணும்?" என்று நண்பன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? பதில் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

எல்லா மலை வண்டியும் ஒன்றா?

1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கிப் பந்தயம் விட்டார்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக் ஹப் சூடாகி கிரீஸ் எரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர். அங்கிருந்து வளர்ந்த மலை சைக்கிள், பிறகு பல வகையாகப் பிரிந்தது.

அதில் ஒன்று கிராஸ் கன்ட்ரி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது இதுதான். ஏற்றத்தில் வேகமாக மிதிக்க வேண்டும் என்பதால் எடையைக் குறைத்துச் செய்வார்கள். முன் ஃபோர்க் சுமார் 100 மில்லிமீட்டர் அமுங்கும். சிலி நாட்டின் வால்பரைசோ நகரில் 2003 முதல் படிக்கட்டுகளில் இறங்கும் பந்தயம் நடக்கிறது. அங்கே பயன்படுவது டவுன்ஹில் வகை. அதில் ஃபோர்க் சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கும், பிரேமும் கனம்.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரம், சைக்கிள்களைப் பயன்பாட்டை வைத்து வகை பிரிக்கிறது. கிராஸ் கன்ட்ரி அதில் மூன்றாம் வகை. அதற்கு விதித்த குதிக்கும் உயரம் 61 சென்டிமீட்டருக்குள். அதற்கு அடுத்த வகைக்கு 122 சென்டிமீட்டர். இரண்டாம் வகைக்கோ வெறும் 15 சென்டிமீட்டர்தான். பிரேமில் 'எம்.டி.பி.' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாலேயே ஒரு வண்டி மூன்றாம் வகை ஆகிவிடாது. கூட வரும் கையேட்டைப் படியுங்கள்!

கணக்கு என்ன சொல்கிறது?

60 கிலோ எடையுள்ள ஒருவர் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் இறங்குகிறார். தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். சராசரி விசைக்கு எளிய சூத்திரம் இது: எடையை, (1 + விழும் உயரம் ÷ நிற்கும் தூரம்) என்பதால் பெருக்க வேண்டும்.

முழங்காலை விறைத்துக்கொண்டு இறங்கி, உடம்பு 10 சென்டிமீட்டருக்குள் நின்றால் 7 மடங்கு, அதாவது 420 கிலோ. கை கால்களை மடக்கி 40 சென்டிமீட்டரில் நின்றால் 2.5 மடங்கு, அதாவது 150 கிலோ. அதே ஆள், அதே உயரம், அதே வண்டி! இது சராசரிதான். உச்ச விசை இதைவிட அதிகம்.

ஆக, முதல் ஷாக் அப்சார்பர் நம் முழங்கால்தான். 2009-ல் எடின்பரோ நகரச் சுவர்களிலும் மேடைகளிலும் சாகசம் செய்து வீடியோவில் புகழ்பெற்ற டேனி மெக்காஸ்கில் ஓட்டிய வண்டியில் ஷாக் அப்சார்பரே கிடையாது. ஆனால் அது அந்த வேலைக்கென்றே செய்த சின்னச் சக்கர டிரையல்ஸ் வண்டி என்பதை மறந்துவிடக் கூடாது.

இறங்கும் இடம் சரிவாக இருந்தால் வேகத்தின் ஒரு பகுதி சரிவோடு போய்விடும், அடி குறையும். மலையில் அந்தச் சரிவு கிடைக்கும். ஊருக்குள் கிடைப்பது பெரும்பாலும் சமமான சிமெண்ட் தரை. அதனால்தான் மலையில் தாங்கும் வண்டி தெருவில் திணறுகிறது.

ஒரு தடவை தாங்கினால் போதுமா?

"நேத்து குதிச்சேன், ஒண்ணும் ஆகலையே!" இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. நிட்டிங் மெஷின் ஊசியைப் பாருங்கள். லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கி, ஒரு நாள் திடீரென்று கொக்கி உடைகிறது, துணியில் கோடு விழுகிறது. அன்றைக்கு மட்டும் அதிக பாரம் வந்துவிடவில்லை. உலோகம் களைத்துவிட்டது. இதைத்தான் ஃபடீக் என்று படிக்கிறோம்.

ஸ்டீலுக்கு ஒரு எண்டியூரன்ஸ் லிமிட் உண்டு, அதற்குக் கீழே எத்தனை தடவை பாரம் வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. ஒவ்வொரு பலத்த அடியும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணக்கு முடிகிற இடம், குதிக்கிற மேடையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மறுநாள் காலை அவினாசி ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போதும் ஃபோர்க் உடையலாம்.

எங்கே பார்க்க வேண்டும்?

1. ஹேண்டில் பாருக்குக் கீழே, பிரேமின் முன் குழாயும் சாய்ந்த கீழ்க் குழாயும் சேரும் இடம். பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம்.

2. ஃபோர்க்கின் மேல் தோள், ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்.

3. பின் ஆக்சில். திருகும் ஃப்ரீவீல் உள்ள சக்கரத்தில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். பெண்டிங் மொமென்ட் அங்கே அதிகம்.

4. ஸ்போக்ஸ் தளர்ந்தால் உடனே இறுக்கிக் கோட்டம் எடுங்கள்.

அலுமினியப் பிரேமில் விரிசல் கண்டால் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒட்டி ஓட்டாதீர்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகம் பலம் இழக்கும். மறுபடி ஹீட் ட்ரீட்மெண்ட் செய்யாமல் அது திரும்பாது. அந்தப் பிரேம் அத்தோடு சரி.

ஆசையை என்ன செய்வது?

விட வேண்டாம்! வண்டி நல்ல நிலையில் இருந்தால், தாழ்வான நடைபாதை விளிம்பில் பழகுங்கள். பெடல் இரண்டும் சமமட்டம், இடுப்பு சற்றுப் பின்னால், முழங்கை முழங்கால் மடங்கி, இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒன்றாகத் தரை தொட வேண்டும். அந்த நொடியில் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. தலையில் ஹெல்மெட் கட்டாயம். ஆள் நடமாடும் இடம் வேண்டவே வேண்டாம். உயரத்தைக் கூட்டுவதைவிட, சத்தமில்லாமல் இறங்கப் பழகுவதே திறமை.

நாளைக்குக் காலேஜுக்கும் ஷிப்டுக்கும் நம்மைச் சுமக்கப்போவது இதே வண்டிதான் நண்பர்களே. கணக்குப் போட்டுவிட்டுக் குதிப்போம்!