நள்ளிரவில் வந்த மரம்

மணி 12 அடித்து 7 நிமிடம். ஜன்னல் ஓரம் ஒரு பெரிய மரம் வந்து நிற்கிறது. "கானர்!" என்று கூப்பிடுகிறது!

பேய்க் கதை அல்ல. கானர் 13 வயதுப் பையன். இங்கிலாந்தில் வசிக்கிறான். தாய்க்குப் புற்றுநோய். தந்தை வேறொருத்தியை மணந்து அமெரிக்கா போய்விட்டார். பள்ளிக்கூடத்திலோ அடி, உதை.

மரம் 3 கதை சொல்கிறது. நாலாவது கதையை அவன் சொல்ல வேண்டுமாம். அங்கேதான் சிக்கல்!

தாய் பிழைக்க வேண்டும் என்று தவிக்கிறான். "எல்லாம் சீக்கிரம் முடியட்டும்" என்றும் அவன் மனம் நினைக்கிறது. பாசம் இல்லாமல் அல்ல, வேதனை தாங்கவில்லை. அப்படி நினைத்த பாவி நான்தானே என்று குமைகிறான். நோயாளி உள்ள வீட்டில், பெரியவர்களே வெளியே சொல்லாத நினைப்பு இது.

நாவலின் பெயர் "ஏ மான்ஸ்டர் கால்ஸ்". கருவை உருவாக்கியவர் ஷிவான் டௌட் என்ற பெண் எழுத்தாளர். அவரும் புற்றுநோயால் 2007-ல் இறந்தார். பாட்ரிக் நெஸ் அதை எழுதி, 2011-ல் வெளிவந்தது. மறு ஆண்டு, எழுத்துக்கு கார்னகி பதக்கம். ஜிம் கே வரைந்த படங்களுக்கு கிரீனவே பதக்கம். ஒரே புத்தகம் இரண்டையும் பெற்றது அதுவே முதல் தடவை.

தாய்க்குக் கடைசியாகக் கொடுத்த மருந்து யூ மரத்திலிருந்து எடுத்தது. கானரைத் தேடி வந்ததும் யூ மரம்தான். மருந்து பலிக்கவில்லை. கானர் உண்மையைச் சொல்லிவிடுகிறான். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறான்.