செம்பனைத் தோட்டத்தில் எந்த லைன் எடுக்கும்?

கோலாலம்பூரில் திறன்பேசி வாங்கக் கிளம்பியவர் முதலில் போனைப் பார்த்தார், பிறகு லைனைப் பார்த்தார். கோல சிலாங்கூருக்கு உள்ளே, ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் இது தலைகீழ். "நம்ம லயத்துல எந்த லைன் எடுக்குது?" என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கடைப்படி ஏற வேண்டியிருந்தது. 2009 மார்ச்சில் மெக்சிஸ் ஐபோன் 3ஜியை மலேசியாவில் விற்கத் தொடங்கியபோதும் சரி, அடுத்த சில ஆண்டுகளில் மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் வந்தபோதும் சரி, தோட்டத்து வீட்டில் ஒரு போன் உதவுமா உதவாதா என்பதை அதன் கேமராவோ திரையோ முடிவு செய்யவில்லை. வானொலி அலையும் செம்பனை மரமும்தான் முடிவு செய்தன.

எவ்வளவு விலை கொடுத்தாலும் கைப்பேசி அடிப்படையில் ஒரு வானொலிதான். கேட்கவும் செய்யும், திரும்பப் பேசவும் செய்யும் வானொலி. அது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலேசியாவின் முதல் கைப்பேசிச் சேவையான ஆத்தூர் 1985இல் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பின்னர் ஜிஎஸ்எம் வந்தபோது செல்கோமும் மெக்சிஸும் 900 மெகாஹெர்ட்ஸில் கால் ஊன்றின. 1995இல் முத்தியாரா என்ற பெயரில் தொடங்கிப் பின்னாளில் டிஜி ஆன நிறுவனத்துக்குக் கிடைத்தது 1800. அதற்கும் பிறகு 2005இல் வந்த 3ஜி 2100இல் நின்றது. எண் ஏற ஏற அலையின் நீளம் குறையும்: 900இல் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், 2100இல் 14 சென்டிமீட்டர். குறுகிய அலை விரைவில் வலுவிழக்கும்; சுவரையும் இலையையும் தாண்டும்போது இன்னும் அதிகம் இழக்கும். அதே பரப்பை 1800இலோ 2100இலோ மூட வேண்டுமானால் கோபுரங்களை நெருக்கி நட வேண்டும். ஆள் நெருக்கமான கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒரு டிவிசனுக்குச் சில டஜன் வீடுகள் மட்டுமே இருக்கும் தோட்டத்தில் ஆகாது.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு தடையும் உண்டு. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். நாட்டில் வணிக அளவில் செம்பனை பயிரானது அங்கேதான் தொடங்கியது. பத்தாங் பெர்ஜுந்தைதான் இன்றைய பெஸ்தாரி ஜெயா. ரப்பர் நின்ற இடங்களையும் பிறகு செம்பனை பிடித்துக்கொண்டது. செம்பனை மட்டை நீர் நிறைந்த பொருள். வானொலி அலையை நீர் உறிஞ்சும். மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். மரம் வளர வளர மட்டைகளின் கூரை உயர்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ 25 வயதில் மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கும்போது பக்கத்து லயத்துக்கு லைன் தெளிவாவதற்கும், புதிய கன்று வளர்ந்து ஓங்கியதும் மறுபடி மங்குவதற்கும் காரணம் இதுதான். கோபுரம் இடம் மாறவில்லை, போனும் கெடவில்லை. வடக்கே தஞ்சோங் காராங் வயல்வெளிக்குப் போனால் இந்தக் கவலை குறைவு. நெல் இடுப்பளவு உயரம்தான், அதற்கு மேலே அலை தடையின்றிப் பாயும். ஒரே மாவட்டத்துக்குள் அரை மணி நேரப் பயணத்தில் ஒரே போன் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

லயத்து வீட்டின் தகரக் கூரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். போனை ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பழகியவர்கள் இயற்பியலுக்கு உடன்பட்டே நடந்தார்கள்.

லைன் மெலிந்தால் பேட்டரியும் தீரும் என்பது பலருக்குப் புரியாத புதிராக இருந்தது. கோபுரம் தொலைவில் இருந்தால் போன் தன் குரலை உயர்த்திப் பேசும்: ஜிஎஸ்எம் 900இல் 2 வாட் வரை, 1800இல் 1 வாட் வரை, 3ஜியில் கால் வாட் அளவு. கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஒரு நாள் முழுக்கத் தாங்கும் போன் தோட்டத்துக்குள் பிற்பகலிலேயே அணைந்துவிடுவது அதனால்தான். ரேடியோ பக்கத்தில் போன் கிடந்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் மின்னல் எஃப்எம் பாட்டுக்கு நடுவே ஒரு கரகரப்பு கேட்குமே, அதுவும் இதோடு சேர்ந்தது. ஜிஎஸ்எம் போன் தொடர்ச்சியாகப் பேசாது. வினாடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக வெட்டி வெட்டிப் பேசும், அந்தத் துடிப்பைத்தான் ஸ்பீக்கர் பிடித்துக்கொள்கிறது. 3ஜி அப்படித் துடிப்பதில்லை. ஆகவே 3ஜி போன் வைத்திருந்தவர் வீட்டில் அந்தக் கரகரப்பு கேட்டால், போன் அந்த நேரத்தில் 2ஜிக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

3ஜிக்கு இன்னொரு குணம் இருந்தது. ஒரே கோபுரத்தை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தினால் அதன் எல்லை சுருங்கும். காலையில் வாசலில் 3ஜி காட்டிய போன், வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய இரவு எட்டு மணிக்கு 'இ' என்ற எழுத்தைக் காட்டும். 'இ' என்றால் எட்ஜ், அதாவது 2ஜியின் இணையம். எல்லையோரத்தில் 3ஜிக்கும் 2ஜிக்கும் ஏறி இறங்கியே போன் சூடாகி, பேட்டரி கரைந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் 'ஜிஎஸ்எம் மட்டும்' என்று மாற்றி வைத்துக்கொண்டவர்கள் புத்திசாலிகள். அந்நாளில் தோட்டத்துக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு இது என்பேன். எந்தக் கடையிலும் அதை எழுதி ஒட்டவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2013இன் இளைஞர் தொடர்புத் திட்டத்தைப் பார்க்கிறேன். 21 முதல் 30 வயதுக்குள், மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானம் உள்ளவர்களுக்கு, தேர்ந்தெடுத்த திறன்பேசிகளில் அரசாங்கம் 200 வெள்ளி கழித்துக் கொடுத்தது. நல்ல திட்டம், நம் பிள்ளைகளுக்கும் பொருந்தியது. ஆனால் கழிவு 3ஜி போனுக்கு மட்டும்தான்; 3ஜி அலையோ செம்பனைக்குள் மிகச் சீக்கிரம் சோர்ந்துபோவது. போனின் விலை குறைந்ததே தவிர, மரத்தைத் தாண்டும் வழி அதனால் பிறக்கவில்லை.

சரி, எந்த போன்? 2008 கடைசியில் வந்த நோக்கியா 5800இன் திரை அழுத்தத்தை உணரும் வகை. நகத்தால் தொட்டாலும் கையுறையோடு தொட்டாலும் வேலை செய்யும். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் இருந்தது விரலின் மின்தன்மையை உணரும் திரை. அது வழுக்கிக்கொண்டு ஓடும், பார்க்க அழகு. ஆனால் ஈரக் கையிலும், பழம் வெட்டிக் காய்ப்பு ஏறிய விரலிலும் தடுமாறும். நாள் முழுக்க வெளியில் நிற்கும் அப்பாவுக்குப் பொத்தான் உள்ள போன், படிக்கும் மகளுக்குத் தொடுதிரை என்று பிரித்து வாங்கியது சரியான முடிவு. 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஒய் விலையால் கவர்ந்தது. அதன் உள்நினைவகம் 180 மெகாபைட் அளவே. சில செயலிகளிலேயே நிறைந்துவிடும், மெமரி கார்டு போட்டாலும் முழுத் தீர்வு இல்லை.

என்னைக் கேட்டால், தோட்டத்துக்குப் பொருத்தமான போன் இரண்டு சிம் போடும் போன்தான். பெயர்பெற்ற நிறுவனங்கள் அதைப் பெரிதாக மதிக்காத நாளிலேயே உள்ளூரில் விற்ற சிஎஸ்எல் புளூபெர்ரி போன்றவை இரண்டு சிம் ஏற்றன. லயத்துக்கு ஒரு லைன், மகன் வேலை செய்யும் ஷா ஆலமுக்கு ஒரு லைன். அதில் பெருமை பேச ஒன்றும் இல்லை, ஆனால் அவசரத்தில் அழைப்பு போய்ச் சேர்ந்தது. சிரிம் தரச்சான்று ஒட்டுத்தாள் இல்லாத 'ஏபி செட்' போன் மலிவாகக் கிடைத்தது, ஆனால் பழுதானால் உத்தரவாதம் கேட்க ஆள் இல்லை.

லைனைச் சோதிக்க விளம்பர வரைபடம் போதாது. பக்கத்து வீட்டுக்காரரின் சிம்மைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கி, சமையலறையில், பழம் ஏற்றும் இடத்தில், இரவு எட்டு மணிக்கு வாசலில் என்று போட்டுப் பார்க்க வேண்டும். 2008 அக்டோபருக்குப் பிறகு எண்ணை மாற்றாமலே லைன் மாறும் வசதி வந்துவிட்டதால், 012, 013, 016 என்று நிறுவனத்தைக் காட்டும் முன்எண்ணை வைத்துப் பயப்படத் தேவை இல்லாமல் போனது. 2016இல் 900 அலைவரிசையை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் மறுபங்கீடு செய்து டிஜிக்கும் யூ மொபைல் நிறுவனத்துக்கும் பங்கு கொடுத்தது. தோட்டங்களுக்கு அது புதிய போன் எதையும்விடப் பெரிய செய்தி. 2021 முடிவில் நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது.

கடைசியாகத் தமிழ். லைனுக்கு அடுத்தபடி நான் மிகவும் மதிக்கும் தகுதி இதுதான். தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் வரும். ஓப்பரா மினி உலாவியில் முகவரிப் பட்டையில் ஒரு கட்டளை தட்டினால், தமிழை ஓப்பராவின் சேவையகமே படமாக்கி அனுப்பும். எட்ஜ் லைனிலும் நாளிதழ் படிக்க அது உதவியது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலன்றே கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியிருந்தது. ஒருங்குறியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒன்றுக்கு 70 குறிகள்தான், ஆங்கிலத்துக்கு 160. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதால் 'வணக்கம்' என்ற ஐந்தெழுத்துக்கே ஏழு செலவாகும். தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று அறிய, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே 'தொலைபேசி' என்ற சொல் உள்ள பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. 'த' என்ற எழுத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்த போன் தமிழ் காட்டும். கொம்பு இடம் மாறியிருந்தாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று நடுவில் நின்றாலோ வேறு போனைக் கேட்க வேண்டியதுதான்.