ஒலுவில் கரையும் இராவணன் மீசையும்

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். அந்த அடம்பன் கொடிக்குப் பக்கத்தில், அதே மணலில் படரும் ஒரு புல்லுக்கு அப்படிப் பெயர் கிடைக்கவில்லை. வெறுங்காலுடன் மிதித்தவர்கள் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அதன் பெயர் இராவணன் மீசை. சிங்களத்தில் மகா இராவணா ரெவுல, அதாவது தாடி. தாவரவியலில் ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ்.

இந்தியா, இலங்கை முதல் தென்சீனா, இந்தோனேசியா வரை கடற்கரை மணலில் தானாக வளரும் புல் இது. இலை ஊசிபோல் கூர்மையானது. ஆகவே மாடுகள் பெரிதாக விரும்புவதில்லை. காய்ந்ததை அடுப்பெரிக்க எடுப்பதுண்டு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்ளுப்பந்துபோல் ஒரு சாண் அகலத்துக்கு விரிந்து, முற்றியதும் ஒடிந்து காற்றில் உருண்டோடும். எங்கே சிக்கி மணல் மூடுகிறதோ அங்கே அதன் விதை முளைக்கும்.

மணலைப் பிடிப்பதுதான் இதன் பெரிய பயன். படர்தண்டு கணுவுக்குக் கணு வேர்விடும். இலையில் மோதும் காற்று வேகம் குறைந்து, சுமந்துவந்த மணலைக் கீழே போடும். மணல் மூட மூட மற்றச் செடிகள் சாக, இது மேலெழுந்து புதுக் கணுவில் வேர் பிடிக்கும். மணல்மேடு இப்படித்தான் வளர்கிறது. 2004 சுனாமியில் யால பகுதியில், கடல் தெரிவதற்காக மணல்மேட்டை அகற்றியிருந்த விடுதி அழிந்தது. மேடு குலையாத அண்டை இடங்கள் பெரும்பாலும் தப்பின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அன்று பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போர்க்காலக் கடற்றொழில் தடைகளையும் சுனாமியையும் தாண்டி வந்த இந்தக் கரைக்கு அடுத்த அடி கடலரிப்பு. டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008 இல் வேலை தொடங்கி 2013 இல் திறக்கப்பட்டது ஒலுவில் துறைமுகம். இப்பகுதியில் அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. துறைமுகத்தின் கல்லணை அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயும் மணலால் அடைபட்டது. வடக்கே, நிந்தவூர்ப் பக்கமாக, தென்னந்தோப்புகளையும் கரைவலை இழுத்த இடங்களையும் கடல் தின்றது.

அங்கே இராவணன் மீசையை நட்டால் போதுமா? போதாது. இது காற்று கொண்டுவரும் மணலைப் பிடிக்கும் புல். அடியோடு அறுக்கும் அலையை நிறுத்தாது. மணலே வராத கரையில் நட்டால் முதல் மாரியிலேயே புல்லும் போகும். மறிபட்ட மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பொறியியல் வேலை. அதைச் செய்யாமல் புல் நடுகை விழா நடத்துவது படம் எடுக்கத்தான் உதவும்.

ஆனால் மணல் கொட்டி நிரப்பிய இடத்திலும், இன்னும் மேடு மிஞ்சியிருக்கும் ஊர்களிலும் இதற்கு வேலை உண்டு. நடுவதும் கடினமில்லை. மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளை, அடர்ந்து படர்ந்த இடத்திலிருந்து மட்டும் கொஞ்சமாக வெட்டுங்கள். மேட்டின் முகப்பில் வெட்டினால் அங்கே ஓட்டை விழும். ஒக்டோபர், நவம்பரில் மழை தொடங்கியதும், மாரிக்கடலின் அலை எட்டாத மேல்மணலில், இரண்டு கணுக்கள் ஈரமணலுக்குள் போகும்படி புதைக்க வேண்டும். விதைக்கு விட நினைத்தால் ஆண் செடியும் அருகில் இருக்க வேண்டும். அடம்பனையும் கூடவே படரவிடலாம். பிறகு கிடுகு வேலி. மாட்டின் பல்லைவிட அதன் குளம்பும் நம் காலும் உழவு இயந்திரமும்தான் இளந்தண்டுக்கு எதிரி. தோணிக்குப் போக ஒரே ஒரு பாதை விட்டு மற்றதை அடைத்துவிடலாம். நியூசிலாந்தில் இதன் இன்னொரு இனத்தைக் கரையோர ஊர்மக்களே நாற்றாக்கி நட்டுப் பராமரிக்கிறார்கள்.

உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எல்லை என்பதால் முதலில் அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டட வேலைக்கு மேட்டு மணலை அள்ளும் உழவு இயந்திரங்களைப் பற்றி முறையிட வேண்டிய இடமும் அதுவே.