சங்கக் கணக்கும் கணனியும்: பெயர் சொல்லி எண்ணை எடுப்பது எப்படி?

விதைநெற் கடன், உரம், மண்வெட்டி என்று எமது சங்கங்கள் பகிர்ந்தளிக்கும் பொருட்களின் கணக்கு முன்னர் கொப்பிகளில் இருந்தது. இன்று பல சங்கங்களில் அது கணனிக்கு மாறிவிட்டது. கணக்கைப் பதிபவர் பெரும்பாலும் உங்கள் பிள்ளைகளுள் ஒருவராகவே இருப்பார். ஆகவே இக்கட்டுரையைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து வாசிப்பது நன்று.

எக்செல் போன்ற விரிதாளில் ஒவ்வொரு கடனும் ஒரு நிரையில் பதியப்படும். அங்கத்தவர் பெயர், சொந்த ஊர், போகம், புசல் என்பன நிரல்களின் தலைப்புகள். நூற்றுக்கணக்கான நிரைகள் சேர்ந்தபின், எந்த ஊருக்கு எத்தனை புசல் என்று கூட்டிப் பார்ப்பது பெரும்பாடு. இதற்கென்று 1993இல் வெளிவந்த எக்செல் ஐந்தாம் பதிப்பில் 'பிவட் டேபிள்' என்னும் வசதி சேர்க்கப்பட்டது. நாம் அதைச் சுருக்க அட்டவணை என்போம். நீண்ட பட்டியலை ஊர்வாரியாகவும் போகவாரியாகவும் அது நொடியில் கூட்டித் தரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காலபோகத்துக்கு அடம்பன் குடும்பங்களுக்கு 60 புசல், முருங்கன் குடும்பங்களுக்கு 45 புசல் என்று சுருக்க அட்டவணை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முருங்கனுக்குரிய எண் பீ நிரலில் 6ஆம் நிரையில் இருக்கிறது. விநியோகப் பட்டியலைத் தயாரிப்பவர், 'பீ 6இல் உள்ளதை இங்கே கொண்டுவா' என்று ஒரு சூத்திரம் எழுதுகிறார். அன்றைக்கு விடை சரியாகவே வரும்.

அடுத்த வாரம் ஆண்டாங்குளத்துக் குடும்பங்கள் 30 புசலுக்குப் பதிகின்றன. அட்டவணையைப் புதுப்பித்து அகரவரிசைப்படுத்தியதும் ஆண்டாங்குளம் 6ஆம் நிரைக்கு வருகிறது. முருங்கன் 7ஆம் நிரைக்குப் போகிறது. ஆனால் சூத்திரம் இன்னும் பீ 6ஐயே பார்த்துக்கொண்டிருக்கிறது. முருங்கன் என்ற பெயருக்கு நேரே 45க்குப் பதிலாக 30 விழுகிறது. பதினைந்து புசல் குறைவு. ஏக்கருக்கு இரண்டு புசல் என்று பார்த்தாலும், ஏழரை ஏக்கர் வயல் விதைப்பின்றிக் கிடக்கும். கணனி எந்த எச்சரிக்கையும் தராது. இத்தவறை நாமும் ஒருமுறை செய்திருக்கிறோம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. கொட்டில் இலக்கத்தை வைத்து நிவாரணம் கொடுத்தால், குடும்பம் வேறு கொட்டிலுக்கு மாறியதும் அதன் பங்கு இன்னொருவருக்குப் போய்விடும். பெயரை வைத்துக் கொடுத்தால், எங்கே இருந்தாலும் உரியவருக்குச் சேரும்.

கணனியிலும் பெயர் சொல்லிக் கேட்க ஒரு சூத்திரம் உண்டு. அதன் பெயர் 'கெட்பிவட்டேட்டா'. அதற்கு நாம் மூன்று விடயங்களைச் சொல்லவேண்டும்.

முதலாவது, எதன் கூட்டுத்தொகை வேண்டும்: "புசல்". இரண்டாவது, எந்த அட்டவணை: அதனுள் இருக்கும் ஏதாவது ஒரு கட்டம், உதாரணமாக ஏ3. மூன்றாவது, யாருடையது, எப்போதையது: இவை தலைப்பும் பெயருமாகச் சோடி சோடியாக வரும். "சொந்த ஊர்", "முருங்கன்" ஒரு சோடி. "போகம்", "காலபோகம்" மற்றொரு சோடி. போகச் சோடியை விட்டுவிட்டால் முருங்கனின் இரு போகங்களுக்குமான மொத்தம் வரும்.

எக்செலில் இதனை முழுவதும் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை. வெற்றுக் கட்டமொன்றில் சமன் அடையாளத்தை இட்டு, சுருக்க அட்டவணையில் வேண்டிய எண்ணைச் சுட்டினால் வழக்கமாகக் கணனியே சூத்திரத்தை எழுதிவிடும். ஆனால் அப்படி எழுதப்பட்டதைக் கீழே பிரதிசெய்தால் எல்லா நிரைகளிலும் முருங்கனின் எண்ணே வரும். எனவே சூத்திரத்தில் "முருங்கன்" என்றிருப்பதை அழித்து, விநியோகப் பட்டியலில் ஊர்ப்பெயர் எழுதப்பட்ட கட்டத்தைக் குறிப்பிடுங்கள். பின்னர் பிரதிசெய்தால் அந்தந்த ஊருக்குரிய எண் வரும்.

மூன்று விடயங்களில் கவனம் தேவை. ஒன்று, புதிய கடன்களைப் பதிந்தபின் சுருக்க அட்டவணையைப் புதுப்பிக்கவேண்டும். தவறினால் பழைய கணக்கே வரும். இரண்டு, ஊர்ப்பெயரை எப்போதும் ஒரே விதமாக எழுதவேண்டும். 'முருங்கன்' என்று ஓரிடத்திலும் 'முறுங்கன்' என்று வேறோரிடத்திலும் எழுதினால் கணனி அவற்றை இரண்டு ஊர்களாக எண்ணிவிடும். மூன்று, கேட்ட பெயர் அட்டவணையில் தென்படாவிட்டால் எண்ணுக்குப் பதிலாகப் பிழைக்குறி வரும். அதைக் கண்டு பயப்படவேண்டாம். பிழையான எண் மௌனமாக ஏமாற்றும். பிழைக்குறியோ 'இங்கே பார்' என்று எம்மைக் கூப்பிடும்.

கணனி தெரியாதவர்களுக்கும் இதில் கடமை உண்டு. அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் ஊரின் மொத்தத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அதனைக் கையிலுள்ள கடன் துண்டுகளுடன் கூட்டி ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், 'அட்டவணையைப் புதுப்பித்தீர்களா? எண்ணைப் பெயர் சொல்லி எடுத்தீர்களா?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதைக் கணக்கெழுதும் பிள்ளையின்மீது சந்தேகப்படுவதாக ஒருவரும் எண்ணக்கூடாது. அது அவருக்கு நாம் செய்யும் உதவி.

பெயரால் அறியப்படுவதன் அருமையை நல்லாயன் உவமையில் கேட்டிருக்கிறோம். எமது கணக்குகளும் ஒவ்வொரு குடும்பத்தையும் பெயரால் அறியட்டும்.