ரோட்டுத் தாருக்குள் மெழுகு: உங்களுக்கு அதனால் என்ன?

சித்திரை வெயிலில் புதுத் தார் ரோட்டைக் கடந்திருக்கிறீர்களா? செருப்பு பிசுக்கென்று ஒட்டும். காலைத் தூக்கினால் கருப்பாக இழுபடும். வெயில்தான் காரணம் என்று நினைப்போம். தாருக்குள் இருக்கும் மெழுகுக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

தாரில் மெழுகு எப்படி வந்தது? கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தபின் அடியில் தங்குவதுதான் ரோட்டுத் தார் (இதன் சரியான பெயர் பிட்டுமென்). எண்ணெயில் மெழுகு அதிகம் இருந்தால் தாரிலும் கொஞ்சம் தங்கிவிடும். அசாம் எண்ணெய் அப்படிப்பட்டது. அதனால்தான் ஐ.எஸ். 73 என்ற இந்தியத் தரவிதி முன்பு அசாம் தாருக்கு ‘ஏ’ என்றும் மற்றதற்கு ‘எஸ்’ என்றும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தது.

அதனால் என்ன கெடுதல்? தாரிலேயே இருக்கும் மெழுகு பெரும்பாலும் 70 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். கோடை நடுப்பகலில் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரி வரை போகும். அப்போது தார் இளகி ஜல்லியின் மேல் பிடி தளரும். பஸ் நிறுத்தத்திலும் சிக்னலிலும் கனரக வண்டிகள் நின்று நின்று போகும் தடம் அமுங்கிவிடும். மழை பெய்தால் அந்தத் தடத்தில் தண்ணீர் தேங்கும். இருசக்கர வண்டி வழுக்கும்.

குளிரில் சரியாகிவிடுமா? ஆகாது. மெழுகு சிறு சிறு படிகங்களாக உறைந்து தாரை விறைக்க வைக்கும். விறைத்த தார் வளைந்து கொடுக்காமல் வெடிக்கும். கடுங்குளிர் நாடுகளில் இதுதான் பெரிய கவலை.

ஜல்லியோடு ஒட்டுவதில் சிக்கல் வருமா? வரலாம். மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சொட்டைக் கருங்கல்லில் விட்டு, ஆறியதும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். வில்லையாகக் கழன்று வரும். அந்த வழுவழுப்பு தாரில் கூடினால் கல்லின் மேல் பிடிப்பு குறையும்.

அப்படியென்றால் மெழுகே கூடாதா? அப்படியில்லை. தாரில் கலப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் தயாரிக்கும் சாசோபிட்டும் மெழுகுதான். ஆனால் அது உருகுவது சுமார் 100 டிகிரியில். கலவை போடும் சூட்டில் உருகித் தாரை இளக்குவதால், வழக்கத்தைவிட 20, 30 டிகிரி குறைந்த சூட்டிலேயே வேலை முடியும். எரிபொருள் மிச்சம், வேலை செய்பவர்களுக்குப் புகையும் குறைவு. ரோடு ஆறியபின் அது உறைந்து தாரைக் கெட்டிப்படுத்தும். ரோடு 100 டிகிரி சுடாது என்பதால் மறுபடி உருகாது. ஆகவே மெழுகு எவ்வளவு என்பதோடு, எந்தச் சூட்டில் உருகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் தெருவில் ரோடு போடும்போது, தார் எந்தத் தரம் என்று பொறியாளரிடம் கேளுங்கள். சோதனைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். வி.ஜி.30 என்றால், அது இளகும் வெப்பநிலை குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும். 60 டிகிரியில் அதன் பாகுத்தன்மை (ஓடாமல் கெட்டியாக நிற்கும் குணம்) எவ்வளவு என்பதும் சான்றில் இருக்கும்.

ரோடு அமுங்கினாலே மெழுகுதான் காரணமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. தார் அதிகமாக ஊற்றியிருந்தாலும், ரோலர் சரியாக ஓட்டாவிட்டாலும், லாரிகள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் அமுங்கும்.

முதல் கோடை முடிந்ததும், வண்டி வராத நேரத்தில், நேரான நீளக் கம்பு ஒன்றை ரோட்டின் குறுக்கே படுக்க வையுங்கள். சக்கரத் தடத்தில் கம்புக்கும் ரோட்டுக்கும் நடுவே விரல் நுழைந்தால், அளந்து எழுதி மனுக் கொடுங்கள். பள்ளம் சிறிதாக இருக்கும்போதே சரிசெய்வதுதான் எளிது.