காதுக்குள் ஒரு நடவுப் பாட்டு

ஆபீஸ் நண்பர் ஒருவர் கம்பெனி செலவில் ஜப்பான் போய் வந்தார். ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார். கூடவே ஒரு பாட்டையும் கொடுத்துத் தொலைத்தார்!

அங்கே குசாட்ஸு என்று ஓர் ஊர். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பொங்குகிறது. ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு. அப்படியே இறங்கினால் ஆள் இட்லி. பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் குணம் போய்விடுமாம். அதனால் பெண்கள் வரிசையாக நின்று, ஆறடிப் பலகையால் புரட்டிப் புரட்டி ஆற்றுகிறார்கள். (நம்ம டீ மாஸ்டர்களை அனுப்பலாம்!) பலகைகள் ஒரே தாளத்தில் விழ வேண்டுமே, அதற்குத்தான் பாட்டு.

நண்பருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகாதபோதெல்லாம் முனகல். இப்படி ஒட்டிக்கொள்ளும் பாட்டுக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'காதுப் புழு'. சூயிங்கம் மென்றால் குறையும் என்று 2015-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தோம். மென்றுகொண்டே முனகினார்.

சிரித்த பாவம், என்னையும் பிடித்தது.

எனக்கு மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழி. ஞாயிற்றுக்கிழமை பம்ப்செட் தொட்டியில் (நமக்கு அதுதான் ஜப்பான்) கழுத்தளவு உட்கார்ந்திருந்தபோது ஒரு மெட்டு வந்தது. ஆயா நடவில் பாடியது. வரப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மெட்டு முழுசாக இருக்கிறது. வார்த்தை ஒன்றுகூட இல்லை! ஒரு வாரம் பஸ்ஸில், கேன்டீனில், மானேஜர் ரூமில்கூட அதேதான்.

எங்க ஊர்க் கோயில் பாடல் பெற்ற ஸ்தலம். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய பதிகம், கழனியில் வேலை செய்யும் பெண்களின் பாட்டுச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆக, அவர் காதிலும் புழு! பதிகம் ஏட்டில் ஏறிப் பிழைத்தது. அந்தப் பெண்கள் என்ன பாடினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நினைத்ததும் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு நோட்டும் பேனாவுமாக ஊருக்கு ஓடினேன்.

"சும்மா குந்திக்கினு இருந்தா எப்படிடா வரும்? கையில நாத்து இருந்தாத்தான் வாயில பாட்டு" என்றாள் ஆயா.

நாற்றுக்கு எங்கே போவது? கழனியில் மெஷின் நட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்த கீரைக்கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். வாசலில் குனிந்து, பின்னாலேயே அடி வைத்து, வெறும் தரையில் நட ஆரம்பித்தாள். வந்தது ஸார் பாட்டு! நாலு வரி. ஐந்தாவதில் நின்றுவிட்டாள்.

"அப்புறம் ஆயா?"

"அப்புறம் எதிர்ப்பாட்டு. அது எனக்கு வராது, அவ பாடுவா" என்று எதிர்வீட்டைப் பார்த்தாள். அந்த வீடு பூட்டி நாலு வருஷமாகிறது.

கூட நட்டவளில் இன்னொருத்தி உத்திரமேரூரில் பேத்தி வீட்டில் இருக்கிறாளாம். வருகிற ஞாயிறு போகிறேன். கீரை நானே வாங்கிக்கொண்டு போகணும்.